பௌர்ணமிதோறும் அறுந்த இணைப்பு

1

இன்று அப்பாவின் முதல் வருஷத் திதி. அப்பா பௌர்ணமியன்று போனவர். ஆகவே இனி ஒவ்வொரு வருஷமும் அவருடைய திதி கிரிவலக் கூட்டத்தோடுதான் வரும். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில் ஊரே நடந்து போய்க்கொண்டிருக்க, உள்ளே அம்மா படத்துக்கு முன்னால் இலை போட்டிருப்பாள். ஒரே மகனான நான் இங்கே நெதர்லாந்தில், உத்ரெக்ட் நகரத்தில், வழக்கம்போல் எட்டு மணி ரயிலைப் பிடித்து அலுவலகம் போனேன். விடுப்பு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா மூச்சுக்குத் திணறிய அந்த நேரம் முழுவதும் எங்கள் வீட்டு இணைய இணைப்பு அறுபடவே இல்லை. அறுபடாமல் இருக்க ஏற்பாடு செய்தவன் நான். ஓர் இரும்புப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு. அந்தப் பெட்டி இன்னும் கூடத்துச் சுவரில் இருக்கிறது. அம்மா அதைக் கழற்ற விடுவதில்லை. அவளிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது, ஒரு வருஷமாகச் சொல்லவில்லை. இன்று சொல்லிவிடுவது என்று ரயிலில் போகும்போது முடிவு செய்தேன். இப்படிப் பல ரயிலில் முடிவு செய்திருக்கிறேன்.

2

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் தெரியாது. 'கம்ப்யூட்டர் வேலை' என்றால் போதும், கல்யாணம் வரை நடந்துவிடும். உண்மையில் நான் செய்வது இதுதான். ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு வேறோர் இடத்துக் கணினியின் திரையைத் தன் திரையில் கொண்டுவந்து வேலை செய்ய ஒரு மென்பொருள் இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் என்பார்கள். அந்த இணைப்பு கிடைக்கவில்லை, அறுந்துபோகிறது, திரை உறைந்து நிற்கிறது என்று புகார் வந்தால் அதற்குக் காரணம் கண்டுபிடிப்பவன் நான்.

இதில் பதினான்கு வருஷ அனுபவம். முதலில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒயர். பிறகு அந்தக் கணினியின் முகவரி மாறிவிட்டதா, நுழைய வேண்டிய வாசல் திறந்திருக்கிறதா, காவலுக்கு நிற்கும் மென்பொருள் நம்மைத் தடுக்கிறதா என்று வரிசையாகப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி உண்டு. மறுமுனையில் இருக்கும் ஆள் சொல்வதை நம்பக் கூடாது. 'நான் எதையும் தொடவில்லை' என்பார்கள். தொட்டிருப்பார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம் அது. சொல்லிவிட்டுச் சிரிப்பேன், அவர்களும் சிரிப்பார்கள்.

ஆனால் மறுமுனை ஆள் எதற்காகப் பொய் சொல்கிறார் என்று யோசிக்க யாருக்கும் நான் சொல்லித்தந்ததில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்லித்தருவது.

3

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கணினி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதை வாங்கி வைத்தது நான். அப்பா அம்மா அதைத் தொட்டதில்லை. அம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை துடைத்து ஒரு பொட்டு வைப்பாள். அது எனக்கான கணினி. இங்கிருந்து அதனுள் நுழைந்து ஊரில் உட்கார்ந்திருப்பவன்போல் வேலை பார்ப்பேன்.

காரணம் இருந்தது. நம் ஊர் அரசுத் தளங்களில் சில வெளிநாட்டிலிருந்து திறக்காது. நான் இந்த நாட்டின் குடிமகனாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இங்கே முதலில் கேட்டது பிறப்புச் சான்றிதழ். என்னுடைய பிறப்புப் பதிவில் 'ஆண் குழந்தை' என்று மட்டும்தான் இருந்தது, பெயர் இல்லை. உங்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும், எடுத்துப் பாருங்கள். நாற்பது வயதில் எனக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. ஒரு தாள் கொடுத்தால் இன்னொரு தாள் கேட்டார்கள், அதைக் கொடுத்தால் முதல் தாள் தெளிவாக இல்லை என்றார்கள். ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. மாலை வேளைகளில், அதாவது எனக்கு மதிய உணவு இடைவேளையில், ஊர்க் கணினிக்குள் நுழைந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

குடியுரிமை மாறப்போவதை வீட்டில் சொல்லவில்லை. அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அந்த ஒன்றும் சொல்லாததை நான் தாங்கியிருக்கமாட்டேன். அதனால் அம்மாவிடம் வேறு மாதிரி சொல்லி வைத்தேன். "ஆபீஸ் வேலைம்மா. இந்த லைன் கட் ஆச்சுன்னா என் வேலை போயிடும்." எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய். அவள் எல்லாவற்றையும் மறந்தாலும் மறக்கமாட்டாள் என்று தெரிந்து தேர்ந்தெடுத்த பொய்.

4

மற்ற நாட்களில் இணைப்பு கல் மாதிரி நிற்கும். பௌர்ணமியன்று மாலை மட்டும் அறுந்துபோகும்.

முதல் சில மாதம் கூட்டம்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். பௌர்ணமியன்று எங்கள் ஊரில் செல்போன் வேலை செய்யாது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுக்கு வருவது கண்ணாடி இழைக் கம்பி. வீதியில் எத்தனை பேர் நடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகக் கூடாது. குரங்கு கடித்ததா என்று பார்க்கச் சொன்னேன், கடிக்கவில்லை. கணினி தூங்கப் போகிறதா என்று பார்த்தேன், இல்லை. முகவரி மாறுகிறதா என்று பார்த்தேன், மாறவில்லை. வாசல், காவல் எல்லாம் பார்த்தேன். கடைசியில் என் தொழில் கர்வம் சீண்டப்பட்டுவிட்டது. உலகத்துக்கே இணைப்பு சரிசெய்து தருகிறவன் வீட்டில் இணைப்பு இல்லை.

நொடிக்கு ஒருமுறை ஊர் மோடத்தைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று குறித்து வைக்கும் சிறிய நிரல் ஒன்றை எழுதி ஓடவிட்டேன். நான்கு பௌர்ணமிக்குப் பிறகு ஒரு வரைபடம் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் மாலை வேளை. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இருபது நிமிஷம். பிறகு தானாகச் சரியாகிவிடும்.

அந்த இருபது நிமிஷத்தை நான் நன்றாகப் பார்த்தேன். நெரிசல் என்றால் மணிக்கணக்கில் இருக்கும், இருபது நிமிஷத்தில் தீராது. இயந்திரக் கோளாறு என்றால் இத்தனை ஒழுங்காக வராது. ஆகவே இது மனிதர் வேலை, யாரோ மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி இருபது நிமிஷம் கழித்துத் திரும்பச் சொருகுகிறார்கள். இவ்வளவு சரியாகக் கண்டுபிடித்தேன். என்னைவிடத் திறமைசாலி யாராவது இருக்கிறார்களா என்று அன்று இரண்டு பேரிடம் சொல்லிக் காட்டினேன்.

5

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ம்மா, பௌர்ணமி அன்னைக்கு மோடம் பிளக்க யாரு புடுங்கறது?"

பின்னால் அப்பா இருமுவது கேட்டது.

"நான்தான்டா. கிரிவலம் வர்றவங்க போன் சார்ஜ் இல்லன்னு கேக்கறாங்க. பாவமா இருக்கு. கூட்டத்துல கூட வந்தவங்கள தொலைச்சிட்டு நிக்கறாங்க. கரண்ட் வேற போயிடுது. இன்வெர்ட்டர் பிளக்கு அது ஒண்ணுதான இருக்குது."

கரண்ட் போவது உண்மைதான். பௌர்ணமிக்கு முளைக்கும் கடைகள் எல்லாம் இழுக்கிற இழுப்பில் எங்கள் பக்கத்து டிரான்ஸ்பார்மர் படுத்துவிடும். வீட்டில் சின்ன இன்வெர்ட்டர் ஒன்று உண்டு. அது இரண்டு விளக்குக்கும் கூடத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்டுக்கும் வரும். அந்தப் பாயிண்டில் ஓர் எக்ஸ்டென்ஷன் பலகை சொருகி, நான்கு துளையிலும் என்னுடைய கருவிகளையே சொருகி வைத்திருந்தேன். அவற்றில் சின்னதாக இருந்தது மோடம். பெரியதைப் பிடுங்கினால் திட்டுவேன் என்று சின்னதைப் பிடுங்கியிருக்கிறாள்.

நான் கத்தினேன். சுருக்கி எழுத மனம் வரவில்லை, அப்படியே எழுதுகிறேன். "ஊர்ல போறவன் வர்றவன் போனுக்கெல்லாம் சார்ஜ் போடவா நான் இங்க குளிர்ல சாவறேன்? உனக்கு ஏதாவது அறிவு இருக்கா? என் பொழப்புல மண்ண அள்ளிப் போடறதுக்குன்னே உக்காந்துனு இருக்கியா?"

"இனிமே செய்யலப்பா" என்றாள்.

"அப்பா ஏன் இருமறாரு?"

"தூசிடா. கூட்டம் ஜாஸ்தி, கற்பூரப் புகை வேற. சரியாப் போயிடும்."

அப்பா முப்பது வருஷம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மில்லில் வேலை பார்த்தவர். அந்தத் தோல் தூசி மார்பில் இருந்தது. தெரிந்த விஷயம்தான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சித்தி மகன் குமரன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனிடம் சொல்லி, சுவரில் அந்தப் பிளக் பாயிண்டையே மூடுகிற மாதிரி ஓர் இரும்புப் பெட்டி அடிக்கச் சொன்னேன். மோடம், பலகை, சுவர்ப் பாயிண்ட் எல்லாம் உள்ளே. கணினியின் ஒயர் மட்டும் ஓட்டை வழியாக வெளியே. பூட்டுப் போட்டுச் சாவியைக் கடையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வேலை நடக்கும்போது வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். குமரன் கையில் டிரில்லோடு நின்றான்.

"அண்ணா, ஒரு பாயிண்டு மட்டும் வெளிய வுட்டுடலாமா?"

"எதுக்கு?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார். யாருக்கு ஆட்டுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"இல்லண்ணா, சும்மா கேட்டேன்."

"சும்மால்லாம் வேணாம். மூடு."

மூடிவிட்டான். அடுத்த பௌர்ணமியன்று இணைப்பு அறுபடவில்லை. அதற்கடுத்த பௌர்ணமியும் அறுபடவில்லை. அந்த இரண்டு மாலையும் டிரான்ஸ்பார்மர் போகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் என் பெட்டி வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

6

மூன்றாவது பௌர்ணமி. அன்று மாலை ஆறு மணிக்குள் பிறப்புச் சான்றிதழுக்கான கடைசிப் படிவத்தைச் சமர்ப்பிக்காவிட்டால் என் விண்ணப்பம் காலாவதியாகிவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே மதியம். நான் உணவுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஊர்க் கணினிக்குள் நுழைந்தேன். தளம் மெதுவாகத் திறந்தது. ஆனால் திறந்தது.

ஊரில் ஐந்து மணி அடிக்கும் நேரம் அம்மா கூப்பிட்டாள். செல்போன் வேலை செய்யாத அன்று, என் மோடம் தரும் வைஃபையில் கூப்பிட்டாள்.

"டேய் மணி, அந்தப் பெட்டி சாவி குமரன்கிட்ட இருக்குது. அவனுக்குப் போன் போவல."

"ம்மா, நான் முக்கியமான வேலைல இருக்கேன். இன்னைக்கு எவனுக்கும் சார்ஜ் கெடையாது."

"இல்லடா, கொஞ்ச நேரந்தான். கரண்ட் போயிடுச்சு..."

"இங்க எல்லாம் ஓடினுதான் இருக்கு. லைன் கட் ஆச்சுன்னா என் வேலை போயிடும். சொன்னது ஞாபகம் இருக்கா இல்லயா?"

அவள் மூச்சு விடுவது கேட்டது. அது அவள் மூச்சுதானா என்று அப்புறம் பல தடவை யோசித்திருக்கிறேன்.

"சரிப்பா. நீ வேலைய பாரு" என்றாள்.

வைத்துவிட்டாள். பிறகு இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். நான் போனைச் சத்தமில்லாமல் செய்து கவிழ்த்து வைத்திருந்தேன்.

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் திரை உறைந்தது. சுட்டி நகரவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். சில நொடியில் மீண்டது. மறுபடி உறைந்தது, மறுபடி மீண்டது. மூன்றாவது முறையும் அப்படியே. அதன் பிறகு ஒரு தடங்கலும் இல்லை. சின்ன ஆட்டம் வந்தாலும் இணைப்பு தானாகத் தாங்கிக்கொள்கிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. தந்தை உயிருடன் இருக்கிறாரா. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஆம் என்பதில் அழுத்தினேன். சமர்ப்பித்தபோது ஊரில் மணி ஐந்து முப்பத்தொன்று. குமரன் கணக்குப்படி அப்போது அப்பா போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

7

இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். எனக்காக அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அதற்கு வேறு பிளக் இருந்தது, கரண்டும் வந்துவிட்டிருந்தது.

கூடத்து அலமாரியில், சாமி படத்துக்குக் கீழே, ஒரு சின்ன மிஷின் துணி போர்த்தி இருந்தது. பக்கத்தில் குழாயும் முகத்தில் வைக்கும் மூடியும். மருந்தை ஆவியாக்கி மூச்சில் ஏற்றுகிற மிஷின். குமரன் வாங்கிக் கொடுத்தது. ஒரு வேளை மருந்து ஏற இருபது நிமிஷம் ஆகும் என்று அவன் சொன்னான். அவன் சொல்லும்போதே என் காதில் வேறொன்றும் விழவில்லை.

மற்ற நாட்களில் சாதாரணப் பிளக்கில் போட்டுக்கொள்வார்கள். பௌர்ணமியன்றுதான் தூசியும் புகையும் சேர்ந்து அப்பாவுக்கு இழுக்கும், பௌர்ணமியன்றுதான் கரண்டும் போகும். அப்போது அம்மா என் மோடத்தைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகியிருக்கிறாள். கிரிவலம் வந்தவர்கள் யாருக்கும் அவள் ஒரு போனுக்குக்கூடச் சார்ஜ் போட்டதில்லை.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று குமரனைச் சட்டையைப் பிடித்துக் கேட்டேன்.

"பெரியப்பா சத்தியம் வாங்கிட்டாருண்ணா. வெளிநாட்டுல இருக்கறவன்கிட்ட ஒடம்பு சரியில்லன்னு சொல்லக் கூடாது, அங்க ஒத்தையில உக்காந்து கவலப்படுவான், வேலை கெட்டுடும்னாரு." கையை விலக்கிவிட்டு அவனே சொன்னான். "பொட்டி மாட்டும்போது கேட்டேனே. நீதான் மூடுன்ன."

நம் வீடுகளில் இது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. வெளியூரில் இருப்பவனுக்கு நல்ல சேதி மட்டும்தான் போகும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் 'கல்யாணத்துக்கு வந்திருக்கோம்' என்பார்கள். இங்கிருக்கும் நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. வேலை போனதைச் சொல்லமாட்டோம், குடியுரிமை மாறுவதைச் சொல்லமாட்டோம். இரண்டு பக்கமும் பாசத்தில் பொய் சொல்லிக்கொள்கிறோம் என்று இதற்குப் பெயர். பாசமாவது. அப்பா சொல்லாமல் விட்டது பாசம். நான் சொல்லாமல் விட்டது என் வசதி.

அப்பா போன அன்று ஆட்டோ உள்ளே வர முடியவில்லை. கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள், விட்டாலும் நகர இடமில்லை. வாசலில் போன யாரோ நான்கு பேர், பெயர் ஊர் தெரியாதவர்கள், அப்பாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடியிருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் ஒருவர் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறக்கச் சொல்லியிருக்கிறார். அவர்கள் செய்ததில் பத்தில் ஒரு பங்கு நான் செய்ததில்லை.

இரும்புப் பெட்டியின் மூடியில் பூட்டுக்குப் பக்கத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அம்மா சுத்தியால் அடித்திருக்கிறாள். உள்ளே ஒயர் ஆடியிருக்கும். என் நிரல் குறித்து வைத்திருந்ததை அன்று இரவே எடுத்துப் பார்த்தேன். ஐந்து பன்னிரண்டுக்கு மூன்று சிறிய தடங்கல். மூன்றோடு நின்றுவிட்டிருந்தது. அறுபது வயது தாண்டியவள் கையில் பலம் கம்மி என்று நினைத்துக்கொண்டேன்.

8

குடியுரிமை கிடைத்துவிட்டது. நகர மன்றத்தில் ஒரு சின்ன விழா. கையை உயர்த்தி உறுதிமொழி சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு வாரம் பழகிக்கொண்டு போனேன், மேடையில் ஒரு சொல்லில் தடுமாறிவிட்டேன். பதிமூன்று வயது மகள் யாழினி முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள். என் டச்சு மொழி அவளுக்கு எப்போதும் வெட்கம். அவளுடைய தமிழ் எனக்கு எப்போதும் எரிச்சல். பேசாமலிருந்தால் இருவருக்கும் நல்லது என்று இப்போதெல்லாம் அப்படியே இருக்கிறோம்.

இந்த மொழியில் வாழ்த்துச் சொல்லும் வார்த்தையும் துக்கம் விசாரிக்கும் வார்த்தையும் புதிதாய் வந்தவனுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். வந்த புதிதில் தாயை இழந்த சக ஊழியர் ஒருவருக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லித் தொலைத்தேன். அப்பா போய் நான் திரும்பி வந்த அன்று அதே மனிதர் என் மேசைக்கு வந்து, சரியான வார்த்தையை, ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாகச் சொன்னார். பழி தீர்த்தாரா, ஆறுதல் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் எனக்குத் தகுதி இருந்தது.

போன வாரம் யாழினியின் பையில் பள்ளிக் கடிதம் ஒன்று கிடைத்தது. கணக்கில் பின்தங்கிவிட்டாளாம், இரண்டு மாதப் பழைய கடிதம். மனைவி புவனாவுக்கு முன்பே தெரியும்.

"எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?" என்றேன்.

"நீங்க கத்துவீங்கன்னுதான்" என்றாள் புவனா, துணி மடித்தபடி.

நான் கத்தவில்லை. கத்தாமல் இருந்ததற்கு அவர்கள் இருவரும் என்னைப் பயத்தோடு பார்த்தார்கள்.

இன்று அலுவலகத்தில் வந்த புகார் ஒன்று. ஒரு கிளை அலுவலகத்தில் வாரா வாரம் வியாழக்கிழமை இணைப்பு அரைமணி நேரம் போய்விடுகிறதாம். வரைபடத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "யாரோ பிடுங்குகிறார்கள். யார், எதற்கு என்று கேளுங்கள்" என்றேன். என் குழுவில் இருக்கும் இளம்பெண் போன் செய்துவிட்டு வந்து சிரித்தாள். துப்புரவு செய்யும் அம்மாள், தரைத் தூசியை உறிஞ்சும் மிஷினுக்காகப் பிடுங்குகிறாராம். வேறு காரணம் இல்லையா என்று நான் இரண்டாவது முறை கேட்டேன். அவள் சிரிப்பதை நிறுத்தினாள். இல்லை, அது மட்டும்தான் என்றாள். ஒரு பெட்டி வைத்துப் பூட்டிவிடலாமா என்று கேட்டாள். அது நானே எழுதி வைத்த வழிமுறை. சரி என்று எழுதி, புகாரை முடித்து வைத்தேன்.

9

மதியம் அம்மாவைக் கூப்பிட்டேன். ஊரில் மாலை. வாசலில் கூட்டம் போகும் இரைச்சல், யாரோ பலூன் விற்கும் சத்தம்.

"படையல் ஆச்சா?"

"ஆச்சு. குமரன் வந்து சாப்புட்டுப் போனான். காக்காவுக்கு வெச்சேன், குரங்கு தின்னுட்டுப் போச்சு. நீ சாப்டியா?"

"ம்." சாப்பிடவில்லை. "ம்மா, அந்தப் பெட்டிய கழட்டிடலாம். குமரன வரச் சொல்றேன்."

"அது எதுக்கு இப்ப? இருந்துட்டுப் போவுது. தோ, கரண்ட் போயிடுச்சு பாரு. தெருவே இருட்டாயிடுச்சு."

அவள் குரலில் ஒரு கரகரப்பும் இல்லை. பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோல் கேட்டது. இன்வெர்ட்டரில் மோடம் ஓடிக்கொண்டிருந்தது.

"கழட்டிடலாம்மா. எனக்கு அந்த லைனே வேணாம்."

"வேணாம்னா உன் வேலை?"

அப்போது சொன்னேன். நன்றாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு வருஷமாக வார்த்தை தேடியிருந்தேன், வந்தது இவ்வளவுதான். "வேலைக்கில்லம்மா அது. எப்பவும் வேலைக்கில்ல. லைன் கட் ஆயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. வேற ஒரு பேப்பர் வேலை. நீ பிளக்க புடுங்கக் கூடாதுன்னு நான் சும்மா சொன்னேன்."

"சும்மா சொன்னியா?"

"ஆமாம்மா."

பலூன்காரன் தாண்டிப் போய்விட்டான். அம்மா அழுகிறாளா என்று உற்றுக் கேட்டேன். அழவில்லை. திட்டமாட்டாளா என்று காத்திருந்தேன். அவள் கணக்குச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

"மூணு அடிதான்டா அடிச்சேன். பூட்டு வுட்டுக் குடுக்கற மாதிரிதான் இருந்துச்சு. இன்னும் ரெண்டு போட்டிருந்தா தொறந்திருக்கும். அவரு கைய கைய ஆட்டுனாரு, வேணாம்னு. எனக்கும் உன் வேலை போயிடும்னு இருந்துச்சு. சுத்திய கீழ வெச்சிட்டேன்."

பலம் கம்மி என்று நான் நினைத்தது தவறு.

"குமரன் நாளைக்கே வந்து கழட்டட்டும்மா" என்றேன்.

"வுடுடா" என்றாள். "இப்ப அந்தப் பிளக்கு யாருக்கு வேணும்?"

அவள் போனை வைக்கவில்லை. விளக்கைக்கூடப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பாள். நானும் வைக்கவில்லை. இணைப்பு அறுபடவில்லை. அவள் மூச்சு விடுவது வரை தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.